வியாழன், நாற்பத்தாறு

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
எண்ணைப் பார்த்ததும் தங்கை சிரித்தாள்.
எனக்கோ பால் தொழிற்சாலையில் விடிகாலை நாலரைக்கு ஷிப்ட்.
அந்நேரம் குல்பனேயில் பஸ் கிடையாது.
கையிருப்பு ஆயிரத்து இருநூறு யூரோ.

குன்வால்டிஸ் குறைகளைத்தான் முதலில் சொன்னார்.
வலது பின்கதவு உள்ளிருந்து திறக்காது.
ஹீட்டர் மனம் வைக்கப் பத்து நிமிடம்.
"மூன்றாவது கியருக்கு அவசரம் ஆகாது.
கிளட்சை மிதி, நியூட்ரலில் விடு, ஒரு மூச்சு இரு,
மறுபடி மிதி, அப்புறம் தள்ளு.
கியர்பாக்ஸில் ஆயில் கொஞ்சம் கசியும்.
கொஞ்சம்தான்."

பணத்தை இரண்டுதரம் எண்ணிவிட்டு
இருபது யூரோவைத் திருப்பி நீட்டினார்:
"தொட்டியில் டீசல் கால்வாசிகூட இல்லை."
சாவி என்னிடம் வந்த பிறகும்
அவர் கை கியர்க் குமிழ்மேல் இருந்தது.
எண்களெல்லாம் தேய்ந்த குமிழ்.
உள்ளங்கை எட்டாத ஓரத்தில்
ஐந்து மட்டும் பாதி பிழைத்துக் கிடந்தது.

ஜனவரி. மைனஸ் இருபத்து நான்கு.
ஆறிய களிக்குள் கரண்டியாக
அசைய மறுத்தது கியர்.
ரயில்வே கேட் ஏற்றத்தில் இரண்டுமுறை அணைந்தேன்
(வண்டி அணைந்தது என்றுதான் எழுத வேண்டும்).
பின்னால் மரம் ஏற்றிய லாரி.
ஓட்டுநன் ஹாரனைத் தொடவில்லை,
சிகரெட் பற்றவைத்தான்.
அவன் ஆயுள் நீளட்டும்.

முள்ளைப் பார்த்துக் கியர் மாற்றுவதை
எப்போது விட்டேன் தெரியாது.
ஒருநாள் காது மாற்றிக்கொண்டிருந்தது.

டைமிங் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும்: முந்நூற்று நாற்பது.
கதவடியில் உப்பு தின்ற தகரத்துக்கு ஒட்டு: தொண்ணூறு.
கசிவுக்கு ஒரு ரப்பர் வளையம்: ஒன்பது யூரோ.
அந்த ஒன்பது யூரோவை எட்டுவதற்கு
ஓயார்ஸ் ஒரு மதியம் முழுக்க மல்லாந்து கிடந்தார்.
இறக்கிய ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து,
"ஓட்டத் தெரிந்தவன் ஓட்டிய வண்டி" என்றார்.

நோட்டு கிடைத்தது அதற்கப்புறம்,
டேஷ்போர்டுக்குப் பின்னால், எலி கடித்த மூலையோடு.
ஒன்பது வருடப் பென்சில்.
லிட்டர், விலை, தேதி.
வாரம் ஒருமுறை, தனி வரியில்:
வியாழன், 46.
பனியிலும் அதே. ஜூன் வெளிச்சத்திலும் அதே.
நாற்பத்தைந்து இல்லை, நாற்பத்தேழு இல்லை.
போன அக்டோபரில் வரி நின்றது.
விற்பனைக்கு என்று நவம்பரில் சீட்டு ஒட்டியிருந்தார்.

பாதி, இருபத்து மூன்று.
பிறர் கணக்கைத் துழாவுவது அழகில்லை, தெரியும்.
விடுப்பு நாளில் மீட்டரைச் சுழியாக்கிக் கிளம்பினேன்.
மதோனா சாலையில் இருபத்து மூன்று: வெட்டிய காடு.
பால்வி சாலையில்: ஒரு பெட்ரோல் பங்க், பூட்டியது.
மூன்றாம் வியாழன் வடக்கே போனேன்.
சரளைத் திருப்பம், பிர்ச் மரங்கள்,
நேர அட்டை இல்லாத பஸ் நிறுத்தம்.
கண்ணுக்கெட்டிய தூரம் வீடில்லை, கல்லறையில்லை.

சரளைமேல் மட்டும் ஒரு கறுப்பு.
சாப்பாட்டுத் தட்டு அகலம்,
சொட்டின்மேல் சொட்டாக, வாரத்தின்மேல் வாரமாக.
வண்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்திக் குனிந்தேன்.
முன்சக்கரத்துக்கு ஒரு சாண் உள்ளே,
இம்மி பிசகாமல், கியர்பாக்ஸுக்கு நேர்கீழே.

எஞ்சின் டிக் டிக்கென்று ஆறும்வரை இருந்தேன்.
யாரும் வரவில்லை.
நகர்த்திப் பார்த்தபோது
என் பங்குக்கு ஒரு துளிகூட விழுந்திருக்கவில்லை.

மே மாதச் சந்தையில் அவர்,
தோளில் விதை உருளைக்கிழங்கு மூட்டை.
என்னைப் பார்க்குமுன் வண்டிக்கு அடியில் பார்த்தார்.
"இன்னும் சொட்டுகிறதா?"
"இல்லை. ஓயார்ஸ் சரிசெய்துவிட்டார்."
"நல்லது."
மூட்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போனது.
"மூன்றாவது?"
"அவசரப்படுத்துவதில்லை" என்றேன்.